ஒரு வரி கீழே இறங்கிய ஊர்

'சுவரைத் தொடாதீர்' என்று எழுதிய பலகையை அந்தச் சுவரிலேயே ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போனார்கள். மொத்தம் நான்கு ஆணி. மூன்று வெறும் சுவரில் இறங்கின. நான்காவது மெக்கானிக்கின் இடது தோளில் இறங்கியது. கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த தையல்காரம்மா தன்னையறியாமல் தன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பலகையில் இப்படி இருந்தது: 'தலம் எண் 42. மறைந்த மாபெரும் நாவலாசிரியர் வாழ்ந்த இல்லம். சுவரில் காண்பது அன்னாரின் திருவுருவம். இங்ஙனம், நகர இலக்கியத் தலங்கள் மற்றும் சுவரோவியங்கள் ஒருங்கிணைப்பு வாரியம்.'

அந்த வீட்டில் எந்த நாவலாசிரியரும் ஒரு பொழுதுகூட வாழ்ந்ததில்லை. சுவரில் இருப்பது தையல்காரம்மாவின் புருஷன். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிப்டுக்கு எண்ணெய் போட்டு, கம்பி மாற்றி, நடுவில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே இழுத்து விட்டவர். வாழ்நாளில் அவர் பேரில் எழுத்து என்று இருந்தது 'பழுது பார்க்கப்படுகிறது' என்ற அட்டை ஒன்றுதான். அதையும் அவள்தான் எழுதிக் கொடுத்தாள்.

அவர் சுவருக்கு எப்படிப் போனார் என்று சொல்லிவிடுகிறேன். சுவர்களில் படம் போடும் ஒரு பெண், ஓவியக்காரி என்றால் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும், ஒரு நாள் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிப்டில் மாட்டிக்கொண்டாள். மெக்கானிக் கதவுக்கு வெளியே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கம்பியைச் சரிசெய்துகொண்டே இரண்டு மணி நேரம் அவளுக்குப் பேச்சுக் கொடுத்தார். அந்த நன்றிக்கு அவள் அவருடைய வீட்டுப் பக்கச் சுவரில், இரண்டு ஆள் உயரத்துக்கு, அவரையே வரைந்துவிட்டாள். காக்கிச் சட்டை, கையில் ஸ்பேனர், உதட்டில் சிரிப்பு, அகலத் திறந்த இரண்டு கண்.

அந்தக் கண்தான் முக்கியம். மெக்கானிக்குக்குக் கேமராவைக் கண்டால் கண் தானாக மூடிக்கொள்ளும். ஒரு போட்டோவில்கூட அவர் விழித்திருந்தது கிடையாது. அடையாள அட்டைக்கு ஆறு தரம் எடுத்துப் பார்த்துவிட்டு அதிகாரியே கையை விரித்துவிட்டார். கல்யாண ஆல்பத்தைப் புரட்டும்போதெல்லாம் நாத்தனார் சொல்வாள்: "எங்க அண்ணனைத் தூக்கத்துல கடத்திட்டு வந்து உங்களுக்குக் கட்டி வெச்ச மாதிரியே இருக்கு அண்ணி." இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுவலியில் அவர் போய்ச் சேர்ந்த பிறகு, அவர் கண் திறந்து பார்ப்பது அந்தச் சுவரில் மட்டும்தான் என்றாகிவிட்டது. தையல்காரம்மா முன்னறையில் ஜிப் மாற்றுவாள், பேன்ட் நீளம் குறைப்பாள், இடுப்புப் பிரித்து விடுவாள். வேலை முடிந்த துணியை உதறுகிற சாக்கில் நாளைக்குப் பத்துத் தரம் வெளியே வந்து அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டுப் போவாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் முழுசாகப் போகவும் இல்லை. தினமும் மதியம் இரண்டரை மணிக்கு, சாப்பிட வருகிற அதே நேரத்துக்கு, வாசலில் சாவிக்கொத்து குலுங்கும். கூடத்து சுவிட்ச் டக் டக் என்று இரண்டு தரம் போட்டு அணையும். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சுவிட்சைப் போட்டுப் பார்ப்பது அவர் பழக்கம். கிரீஸ் வாசனை ஒன்று வந்து, மூலை நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போகும். பேச்சு மட்டும் கிடையாது. தையல்காரம்மாவுக்குப் பயமும் கிடையாது. உயிரோடு இருந்த மனுஷனிடமே இருபத்திரண்டு வருஷம் பயப்படாதவள் இப்போது எதற்குப் பயப்படப் போகிறாள்?

பலகையைப் படித்ததும் அவள் ஏதோ விலாசம் மாறிவிட்டது என்று நினைத்தாள். ஒரு வார்த்தை சொன்னால் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நினைத்தாள். அப்பாவி.

வாரிய அலுவலகம் ஆறாவது மாடியில் இருந்தது. லிப்ட் ஓடவில்லை, மெக்கானிக் போனதிலிருந்து ஓடவில்லை. மூச்சு வாங்க ஏறிப் போனவளைப் பட்டியல் பிரிவு எழுத்தர் மரியாதையாகத்தான் உட்கார வைத்தார்.

"நாற்பத்திரண்டுல இருக்கறது எங்க வீட்டுக்காரர் சார். லிப்ட் மெக்கானிக். நாவலாசிரியர் வீடு நாற்பத்தொண்ணு. எங்களுக்கு ரெண்டு சந்து தள்ளி, மருந்துக்கடைக்கு மேல."

"தெரியும்மா."

"தெரியுமா?"

"வாரியத்துல எல்லாருக்கும் தெரியும். ஒரு வரி கீழ இறங்கிடுச்சு." எழுத்தர் எழுந்து ஜன்னலைத் திறந்து கீழே முற்றத்தைக் காட்டினார். அங்கே ஒரு பெரிய கருங்கல் நின்றது. நுணுக்கி நுணுக்கி எழுத்து வெட்டியிருந்தார்கள். "முன்ன இலக்கியத் தலங்களுக்கு ஒரு பிரிவு, சுவர்ப்படங்களுக்கு ஒரு பிரிவு. ரெண்டையும் சேர்த்து ஒரே பட்டியலா அந்தக் கல்லுல வெட்டினோம். பேர் வெட்டறதுக்கு முந்தின நாள் தலைவர் பாத்துட்டு, 'என் பேர் எங்கே?'ன்னாரு. அவர் பேரை முதல் வரியில சேர்த்தோம். எண்ணும் இடமும் ஏற்கெனவே வெட்டியாச்சு. அதனால மத்த பேரெல்லாம் ஆளுக்கு ஒரு படி கீழ இறங்கிடுச்சு."

"அப்போ திருத்தி வெட்டிடலாமே சார்."

"கல்லும்மா அது." எழுத்தர் குரலைத் தாழ்த்தினார். "திறப்பு விழாவும் முடிஞ்சிடுச்சு. கல்லைத் திருத்த விதியில இடமில்ல. ஆனா சுவரைத் திருத்த இடமிருக்கு. அதைத்தான் செய்யப் போறோம்."

தையல்காரம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது. இறங்கி வந்து கல்லைப் படித்துப் பார்த்தாள். ஒன்று: தலைவர். ஒன்றாம் எண் தலம் என்பது நீரேற்று நிலையத்துச் சுவர். அங்கே யாரோ ஒரு பெரிய தவளை வரைந்திருந்தார்கள். அந்தத் தவளைக்கு ஏற்கெனவே கோட்டும் டையும் போட்டாகிவிட்டது என்று வாசல் காவலாளி பெருமையாகச் சொன்னார்.

அடுத்த வாரம் சாந்நித்திய அலுவலர் வந்தார். சாந்நித்தியப் பிரிவு என்று வாரியத்தில் ஒன்று உண்டு. செத்துப்போன எழுத்தாளர் அந்த இடத்தில் இன்னும் இருக்கிறாரா என்று நேரில் வந்து பார்த்துத் தரச்சான்று கொடுப்பது அவர்கள் வேலை. ஆள் நடமாட்டம் உணரப்பட்டால் முதல் தரம், வாசனை மட்டும் என்றால் இரண்டாம் தரம், ஒன்றுமே இல்லையென்றால் அந்த வீட்டாருக்கு விளக்கம் கேட்டு ஓலை வரும். அலுவலர் ஒல்லியாக இருந்தார். கையில் ஒரு தெர்மாமீட்டர், ஒரு படிவம். மூலை நாற்காலிக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தார்.

இரண்டரைக்குச் சாவிக்கொத்து குலுங்கியது. சுவிட்ச் டக் டக்கென்றது. அலுவலர் முகம் மலர்ந்தது.

"வந்துட்டாரு," என்றார்.

"எங்க வீட்டுக்காரர் சார்."

"சாவி ஓசை. நாவலாசிரியர்னா அலமாரி நிறைய கையெழுத்துப் பிரதி வெச்சிருப்பாரு. பூட்டித் திறக்கறாரு." எழுதிக்கொண்டார். மூக்கை உறிஞ்சினார். "மை வாசனை."

"கிரீஸ் சார் அது. லிப்ட் கம்பிக்குப் போடற கிரீஸ்."

"பழைய காலத்து மை அப்படித்தாம்மா இருக்கும். பெருமூச்சு விடுவாரா?"

"அவர் பெருமூச்சு விடற ஆள் இல்ல."

"எழுத்தாளர்னா விடுவாங்கம்மா. நாங்க நூத்திப்பத்து வீடு பாத்தாச்சு. விடாத ஆள் கிடையாது." ஆம் என்று குறித்துக்கொண்டார்.

இப்படியாக ஒரு மெக்கானிக்கின் ஆவியை வைத்து நாவலாசிரியருக்கு முதல் தரச் சான்றிதழ் கிடைத்தது. அதைச் சட்டம் போட்டுக் கூடத்திலேயே மாட்டிவிட்டுப் போனார்கள். நாத்தனார் டிப்போவில் டிக்கெட் கவுண்டர் வேலை முடிந்து வந்து அதைப் படித்தாள். "நல்லவேளை, எங்க அண்ணன் உயிரோட இருக்கும்போது இவங்க கண்ணுல படல. அப்பவே வேற யாரோன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க," என்றாள். சிரிப்பதற்காகச் சொன்னதுதான். ரெண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

சுவர் திருத்தம் மூன்று தவணையில் நடந்தது. அனுப்பப்பட்டவள் அதே ஓவியக்காரிதான். வரைந்தவரே திருத்த வேண்டும், மறுத்தால் ஊரில் எந்தச் சுவரிலும் இனி தூரிகை வைக்கக் கூடாது என்று வாரியத்தில் விதி. சாரத்தில் ஏறுவதற்கு முன்னால் தையல்காரம்மாவின் முகத்தைப் பார்க்காமல் நின்றாள்.

"அக்கா, நான் இல்லேன்னா வேற யாராவது வருவாங்க. அவங்க ஒரேயடியா வெள்ளையடிச்சுடுவாங்க."

"செய்ம்மா. உன்னைக் குத்தம் சொல்லல."

முதல் தவணையில் காக்கிச் சட்டை போய்ச் சால்வை வந்தது. இரண்டாவதில் ஸ்பேனர் பேனா ஆயிற்று. பிடித்திருந்த பிடி ஸ்பேனர் பிடியாகவே இருந்ததால் நாவலாசிரியர் பேனாவால் எதையோ முறுக்கிக் கழற்றுவது போலத் தெரிந்தது. மூன்றாவது தவணைக்கு வந்த ஆணையில், நாவலாசிரியர் சிந்தனையில் ஆழ்ந்து எப்போதும் கண் மூடியே இருப்பார் என்று போட்டிருந்தது.

தையல்காரம்மா சாரத்தின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணை விட்டுடும்மா. சட்டை எடுத்துக்கட்டும், கையில எதை வேணா குடுக்கட்டும், பேரைக்கூட எடுத்துக்கட்டும். கண்ணு மட்டும் இருக்கட்டும்."

ஓவியக்காரி தூரிகையைத் தோய்த்தாள், தோய்த்தபடியே இருந்தாள், கீழே இறங்கிவிட்டாள். சாயங்காலத்துக்குள் வேறு ஒருவன் வந்தான். கேட் கம்பிக்கு வர்ணம் அடிப்பவன். ஒரு நிமிஷத்தில் இரண்டு கண்ணையும் மூடிவிட்டுப் போனான். அதோடு முடிந்தது.

மறுநாள் இரண்டரை மணிக்கு அவள் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். சாவி குலுங்கவில்லை. மூன்று மணிக்கு மூலை நாற்காலியிலிருந்து ஒரு இருமல் வந்தது.

நெஞ்சில் கட்டிப் போன, வயசான, யாரையோ குறை சொல்வது போன்ற இருமல். அவள் வாழ்க்கையில் அந்த இருமலைக் கேட்டதே இல்லை. பிறகு தாள் கசங்கும் ஓசை. பிறகு நீளமாக ஒரு பெருமூச்சு.

இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தையல்காரம்மா தன் வீட்டிலேயே பயந்தாள். மடியில் இருந்த பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்து, நாத்தனார் வரும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். நாத்தனார் உள்ளே போய் நின்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு வந்தாள்.

"அண்ணி, நம்ம வீட்ல யாரோ வேத்தாள் இருக்கான்."

"அவர் எங்கே?"

"தெரியலியே அண்ணி."

அன்றிலிருந்து நரகம். முன்பின் தெரியாத ஆம்பளை ஒருத்தர் கூடத்து மூலையில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும்போது பெண்கள் எப்படிப் புழங்குவது? நாற்காலியைச் சுற்றித் திரை கட்டினாள். திரைக்குப் பின்னால் இருமல் வந்தது. தையல் மெஷினை ஓட்டினால் எரிச்சலோடு தாள் கசங்கியது, ஏதோ அவர் வேலைக்கு இவள் இடைஞ்சல் என்பது போல. பார்வையாளர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வெளியே கண் மூடிய முகத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். உள்ளே வந்து திரையைப் பார்த்து மெய்சிலிர்த்தார்கள். தையல்காரம்மா அந்தச் சுவர்ப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். ஒரு நாள் பாத்திரம் கழுவும்போது அவர் முகத்தை நினைத்துப் பார்த்தாள். சால்வை போர்த்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு வந்தது. தட்டைக் கீழே போட்டாள்.

அந்த வாரத்தில்தான் மருந்துக்கடை அக்கா வந்தாள். நாவலாசிரியரின் மகள். அறுபது வயசு, வெள்ளைக் கோட்டு, கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்திருந்தாள். வாசலிலேயே தயங்கி நின்று, "எங்கப்பா இங்க இருக்காரா?" என்று கேட்டாள், பள்ளிக்கூடத்தில் பிள்ளையைத் தேடி வந்தவள் கேட்பது போல.

தையல்காரம்மா திரையைக் காட்டினாள். இருமல் வந்தது. மருந்துக்கடை அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவருதான்." கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். "அப்பா" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. "உயிரோட இருக்கும்போதே எங்ககிட்ட பேச மாட்டாரு. எழுதிட்டே இருப்பாரு. அதை விடுங்க. எங்க வீட்டுச் சுவர்ல இப்போ மூணு கிளி வரைஞ்சிருக்காங்க. நாற்பதாம் நம்பர்ல இருந்த கிளி. விடிஞ்சா போதும், கூடத்துல இறக்கை அடிக்கற சத்தம். அப்பா படுத்திருந்த கட்டில்ல உமி விழுந்து கிடக்கு."

அப்போதுதான் தையல்காரம்மாவுக்கு மண்டையில் உறைத்தது. ஆவிகளும் கல்லைப் படித்துவிட்டுத்தான் குடிபோகின்றன. நாற்பதில் இருந்தது நாற்பத்தொன்றுக்கு, அதில் இருந்தவர் இவள் வீட்டுக்கு. அப்படியானால் இவள் வீட்டில் இருந்தவர்?

அவள் செருப்புகூடப் போடாமல் நடந்தாள்.

நாற்பத்து மூன்றாம் எண் மாவு மில். அதன் சுவரில் ரொம்ப நாளாக ஒரு சாம்பல் பூனை வாலைச் சுருட்டிப் படுத்திருக்கும். இப்போது அந்தப் பூனைக்குக் காக்கிச் சட்டை மாட்டி, முன்னங்காலில் ஸ்பேனர் கொடுத்திருந்தார்கள். கீழே பலகை: 'தலம் எண் 43. லிப்ட் மெக்கானிக்.' அவ்வளவுதான். நாவலாசிரியருக்குக் கிடைத்த 'மறைந்த', 'மாபெரும்' இரண்டும் இவருக்கு இல்லை.

மில்காரர் தலையிலிருந்து கால்வரை மாவாக வந்தார்.

"ஒரு மாசமாம்மா. மதியம் ரெண்டரை ஆனா சாவி குலுங்குது. சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்கறாரு. போன செவ்வாய்க்கிழமை பெல்ட் மாட்டிக்கிச்சு. நான் கையை விடப் போனேன். 'கையை எடுங்க சார், நான் பாத்துக்கறேன்'னு காதுகிட்ட ஒரு குரல்."

"குரலா? பேசறாரா?"

"நல்லா பேசறாரும்மா. நல்ல மனுஷன். ஜோக்கெல்லாம் சொல்றாரு."

தையல்காரம்மா மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் இரண்டு வருஷம் வாயே திறக்காதவர். நாத்தனாரிடம் போய்ச் சொன்னபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பட்டியல்ல பேர் ஏறினாத்தான் பேச்சு வரும் போல இருக்கு அண்ணி" என்றாள்.

அவள் அங்கேயே ஒரு மதியம் காத்திருந்து கேட்டிருக்கலாம். விதி விடவில்லை: ஒரு தலத்தின் குடியிருப்போர் இன்னொரு தலத்தில் சாந்நித்திய நேரத்தில் இருக்கக் கூடாதாம், கணக்குக் குழம்பிவிடுமாம். வாரியம் நிறுத்திய காவலாளி இரண்டு மணிக்கே வெளியாட்களை எல்லாம் வெளியேற்றிவிடுவார். எனவே அவளும் மருந்துக்கடை அக்காவும் மில்காரரும் சேர்ந்து மனு எழுதினார்கள். கல்லில் முதல் வரியைச் செதுக்கி எடுத்து, மற்ற பேர்களை ஒரு படி மேலே ஏற்றி வெட்டினால் போதும், ஊர் முழுக்க அவரவர் அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள் என்று மருந்துக்கடை அக்கா அழகாக எழுதியிருந்தாள். அந்த வரியில் தலைவர் பேர் இருக்கிறது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

விசாரணைக்கு மூவரையும் உள்ளே அனுப்புவதற்கு முன் எழுத்தர் ஒரு விஷயம் சொல்லி வைத்தார். "தலைவர் இப்போ இங்க கொஞ்சம் கம்மியாத்தான் இருப்பாரு. பாத்துப் பயந்துடாதீங்க. நீரேற்று நிலையத்துலதான் நல்லா தெரிவாரு. அங்க அவருக்கு முதல் தரம் குடுத்துட்டோம்."

உள்ளே தலைவர் பெரிய நாற்காலியில் இருந்தார். எழுத்தர் சொன்னது சரிதான். அவருடைய சட்டைக்குள்ளாக நாற்காலியின் முதுகுப் பலகை லேசாகத் தெரிந்தது. குரல் தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. ஆனால் பேச்சில் ஒரு குறையும் இல்லை.

"தாய்மார்களே, கல் தப்பு செய்யாது. தப்பு செய்வது மனிதர் குணம். ஆகவே கல்லுக்கும் மனிதருக்கும் கருத்து வேறுபாடு வந்தால், தப்பு யார் பக்கம் என்று நான் விசாரிக்கவே தேவையில்லை. இந்த ஊரின் எழுத்தாளர் ஒருவரையும் நான் படித்ததில்லை. படித்திருந்தால் ஒருவரைப் பிடித்துப்போய் நடுநிலை தவறியிருப்பேன். எழுத்தாளர்கள் உயிரோடு இருந்தபோது இந்த ஊர் அவர்களுக்கு வாடகைக்குக்கூட வீடு கொடுக்கவில்லை என்று ஒரு பழி உண்டு. இன்று கொடுத்திருக்கிறோம். அது யார் வீடு என்று கேட்பது சின்னத்தனம். முதல் வரியை எடுக்கச் சொல்கிறீர்கள். எடுத்தால் நான் எங்கே இருப்பேன்? இங்கே நான் எவ்வளவு மிச்சம் இருக்கிறேன் என்று நீங்களே பார்க்கிறீர்கள்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரலில் நிஜமாகவே பயம் இருந்தது. ஒரு கணம் தையல்காரம்மாவுக்கு அவர்மேல் பரிதாபமாகக்கூட வந்தது.

"எங்களுக்குக் கல்லு வேண்டாம் சார். எனக்கு எங்க வீட்டுக்காரர் வேணும்," என்றாள்.

தலைவர் கண்ணை மூடி யோசித்தார். அவருடைய இமைக்குப் பின்னாலும் நாற்காலி தெரிந்தது.

"வழி இருக்கிறது," என்றார். "பேர்கள் ஒரு படி இறங்கின. சுவர்கள் இறங்கிவிட்டன. ஆவிகளும் அரசாணைக்குக் கட்டுப்பட்டு இறங்கிவிட்டன. இன்னும் இறங்காமல் முரண்டு பிடிப்பது நீங்கள்தான். குடும்பங்களும் ஒரு வீடு தள்ளிக் குடிபோய்விட்டால் ஊரில் எல்லாம் சரியாகிவிடும்."

பக்கத்தில் இருந்த அதிகாரிகள் கைதட்டினார்கள். அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஊரே கட்டிலையும் பீரோவையும் தூக்கிக்கொண்டு ஒரு வீடு தள்ளிப் போனது. நாற்பதாம் வீட்டுக்காரர் கிளிகளைத் தேடி மருந்துக்கடை மாடிக்கு ஏறினார். மருந்துக்கடை அக்கா அப்பாவின் கட்டிலோடு தையல்காரம்மாவின் வீட்டுக்கு வந்தாள். மில்காரர் பூனையைப் பின்தொடர்ந்து நாற்பத்து நான்காம் எண் வாசகசாலைக்குப் போனார். மில்லின் சாவியை மட்டும் தையல்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு, காலையில் மட்டும் வந்து மாவு அரைத்துக்கொள்வதாகச் சொன்னார். யாரும் சண்டை போடவில்லை. எல்லோருக்கும் தங்கள் தங்கள் ஆள் ஒரு வீடு தள்ளி இருந்தார்.

தையல்காரம்மா மில்லுக்கு மேல் இருந்த அறையைக் கழுவி, மெஷினை ஜன்னலோரம் போட்டாள். மூலையில் நாற்காலி. நாத்தனாருக்குத் திங்கட்கிழமை லீவு கிடைக்கவில்லை. "அண்ணன் வந்தா நான் ஆறு மணிக்கு வந்துடுவேன்னு சொல்லுங்க," என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு டிப்போவுக்குப் போனாள். தையல்காரம்மா புதுப்பெண் மாதிரி தலை சீவி, முகம் கழுவி உட்கார்ந்தாள். இந்த வயசில் இது என்ன கூத்து என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

இரண்டரைக்குச் சாவிக்கொத்து குலுங்கியது. சுவிட்ச் டக் டக்கென்றது. அவர் வாசலில் நின்றார். ஓசையும் வாசனையும் மட்டுமில்லை, ஆளே நின்றார். காக்கிச் சட்டை, முழங்கையில் கறை, அகலத் திறந்த இரண்டு கண். அந்தக் கண் அவளை நேராகப் பார்த்தது.

"வணக்கம்மா," என்றார். "எந்த மாடிக்குப் போகணும்?"

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவர் ஜோக் அடிப்பார்.

"என்னங்க, நான்தான்."

அவர் மரியாதையாகத் தலையைச் சாய்த்தார். "மன்னிச்சுக்கங்கம்மா. ஒரு நாளைக்கு எத்தனையோ பேரைப் பாக்கறோம். முகம் ஞாபகம் நிக்கறதில்ல."

"இருபத்திரண்டு வருஷம்ங்க. உங்க சம்சாரம்."

அவர் கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். அந்த முயற்சி அவர் நெற்றியில் தெரிந்தது. யாரையும் வருத்தப்பட விடாத மனுஷன். கடைசியில் சங்கடத்தோடு சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"சம்சாரம்னு எனக்கு யாரும் இல்லியேம்மா. நான் லிப்ட் மெக்கானிக். அவ்வளவுதான்."

பிறகு சுவிட்சை இன்னொரு தரம் போட்டுப் பார்த்துவிட்டு அவர் மூலை நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் மெஷின் முன்னால் உட்கார்ந்து, யாருடையதோ ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். மூன்று மணிக்கு அவர் எழுந்து, "வரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் சாந்நித்திய அலுவலர் ஆய்வுக்கு வந்தார். சாவி குலுங்கியதையும், ஆள் தெரிந்ததையும், பேசியதையும் குறித்துக்கொண்டார். பிறகுதான் மெஷின் முன்னால் இருந்தவளைக் கவனித்தார்.

"நீங்க யாரும்மா?"

"அவர் சம்சாரம் சார்."

அலுவலர் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "நாற்பத்து மூணுல மெக்கானிக்னு மட்டும்தான் இருக்கு. சம்சாரம்னு யாரும் இல்லியே."

"தெரியும் சார். அவரும் அதேதான் சொன்னாரு."

அலுவலர் அதைக் கேட்டு ரொம்பத் திருப்தியானார். இருமுறை உறுதி செய்துகொண்டு, படிவத்தின் அடியில் எழுதினார்: 'ஆவி பட்டியலோடு முழுமையாக ஒத்துப்போகிறது. முதல் தரம்.'